வடைக்குள் வேகும் இலை

மதுரையில் முள்முருங்கை வடை சாயங்காலத்துப் பலகாரம். வெயில் இறங்கியதும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும் சந்துமுனைகளிலும் தள்ளுவண்டியில் எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். உளுந்து வடையைப் போல நடுவில் துளை கிடையாது. தட்டையாக, உள்ளங்கை அகலத்தில், கரும்பச்சையாக இருக்கும். சட்டியிலிருந்து எடுத்த கையோடு இட்லிப் பொடியைத் தூவித் தாளில் வைத்துக் கொடுப்பார்கள். சட்னி, சாம்பார் எதுவும் தேவையில்லை.

“பொடி தூக்கலாப் போடவா தம்பி?” என்று வண்டிக்கார அக்கா கேட்டால், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

வாங்கியவுடன் நான் செய்வது ஒன்றுதான்: வடையைப் பிட்டு உள்ளே பார்ப்பேன். மேலே பச்சை கறுத்திருக்கும். உள்ளே ஆவி பறக்க, இளம்பச்சை மாறாமல் இருக்கும். ஒரே இலை, ஒரே சட்டி, வெளியே ஒரு நிறம், உள்ளே இன்னொரு நிறம். இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் அந்த இரண்டு பச்சைகளைப் பற்றியவை.

*

முள்முருங்கையைக் கல்யாண முருங்கை என்றும் சொல்கிறோம். பெயரில் முருங்கை இருந்தாலும் நாம் சாம்பாரில் போடும் முருங்கைக்கும் இதற்கும் உறவில்லை. இது அவரை, உளுந்து ஆகியவற்றின் குடும்பம். ஆக, முள்முருங்கை வடையில் உளுந்தும் இலையும் சேர்வது ஒருவகையில் சொந்தத்துக்குள் நடக்கும் சம்பந்தம்.

ஒரு காம்பில் மூன்று இலை. நடு இலை பெரிது. தண்டில் முள் இருக்கும், பறிக்கிறவர் கை அதற்குப் பழகியிருக்க வேண்டும். வேலியோரம் கிளையை ஒடித்து நட்டாலே துளிர்த்துவிடும். கல்யாணப் பந்தலில் நடுகிற கால்களிலும் இந்தக் கிளைக்கு இடம் உண்டு. சளிக்கு நல்லது என்று சொல்லித்தான் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு இதன் அடையையும் வடையையும் செய்து கொடுக்கிறார்கள்.

பறிக்கும்போது இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சில மரங்களில் இலையும் காம்பும் முடிச்சு முடிச்சாக வீங்கிச் சுருண்டிருக்கும். மிகச் சிறிய குளவி ஒன்று இலைத்திசுவுக்குள் முட்டையிடுவதால் வருவது அது. 2004-ல்தான் அறிவியல் உலகம் அந்தக் குளவிக்குப் பெயர் வைத்தது. அதற்குள் தீவு தீவாகப் பரவி, அடுத்த ஆண்டே ஹவாய் வரை போய் அங்குள்ள முள்முருங்கை இனத்தையும் தாக்கியது. நம் ஊர் மரங்களையும் விடவில்லை. வீங்கிய இலையை ஒதுக்கிவிட்டு, கொழுந்தும் இல்லாமல் முற்றியதும் இல்லாமல் நடுத்தரமாகப் பார்த்துப் பறிப்பவரின் வடைதான் மென்மையாக வரும். முற்றிய இலையில் நார் நிற்கும், எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் தட்டுப்படும்.

*

வீட்டில் செய்யும் முறையைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் பார்த்து எழுதிக்கொண்டது:

பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைக்கிறார். அரிசி நான்கு பங்கு என்றால் உளுந்து ஒரு பங்குக்கும் குறைவு. இலையின் நடுநரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கழுவி உதறித் துணியில் பரப்பி வைக்கிறார். அரிசி முக்கால் பதம் அரைபட்ட பிறகே இலை உள்ளே போகிறது. தண்ணீரைக் கையில் அள்ளித் தெளிக்கிறாரே தவிர ஊற்றுவதில்லை. மிளகும் சீரகமும் ஒன்றிரண்டாகத் தட்டி, கடைசியில் உப்பு.

ஏன் உப்பு கடைசியில் என்று கேட்டேன்.

“முன்னாடியே போட்டா கீரை தண்ணி விட்ரும். மாவு இளகிப்போனா எண்ணெயத்தான் குடிக்கும்.”

இந்த ஒரு பதிலில் இலைப் பலகாரங்களின் பாதிப் பாடம் இருக்கிறது. கீரையின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். உப்பு பட்டதும் அது வெளியே வரத் தொடங்கும். மாவில் தண்ணீர் கூடினால், பொரியும்போது அவ்வளவும் ஆவியாக வெளியேற வேண்டும். அது வெளியேறிய வழிகள்தான் பிறகு எண்ணெய் நுழையும் வழிகள்.

மாவை எலுமிச்சை அளவு உருட்டி, எண்ணெய் தொட்ட வாழையிலையில் வைத்து விரல் நுனிகளால் தட்டுகிறார். ஓரம் மெலிந்தும் நடு தடித்தும் போகாமல் ஒரே கனமாக. அப்படித் தட்டினால்தான் சட்டியில் பூரியாக உப்பும். கனம் மாறினால் ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் மாவாகவே நிற்கும். விரல் தட்டும் சத்தத்தில் அவசரம் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கும் அவசரம் போய்விடுகிறது.

*

எண்ணெய் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பொட்டு மாவைப் போடுகிறோம். அடியில் தங்கினால் போதாது, போட்டதும் சிவந்தால் அதிகம், மெல்ல மேலே வந்து மிதந்தால் சரி. அந்த ‘சரி’ ஏறக்குறைய 170 முதல் 180 டிகிரி செல்சியஸ்.

வடை உள்ளே விழுந்ததும் எழும் சலசலப்பு எண்ணெயின் சத்தம் இல்லை, தண்ணீரின் சத்தம். மேல்பரப்பில் இருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகி, குமிழ்களாக வெளியே பாய்கிறது. அந்த ஆவி வெளியே வந்துகொண்டிருக்கும்வரை எண்ணெயால் எளிதில் உள்ளே புக முடியாது. மேல்தோல் உலர்ந்து நூறு டிகிரியைத் தாண்டி முறுகுகிறது. உள்ளே ஈரம் இருக்கும்வரை வெப்பம் நூறு டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அதாவது, எண்ணெய்ச் சட்டிக்குள் கிடக்கும் வடையின் வயிற்றில் இலை ஆவியில்தான் வேகிறது. இட்லிப் பானையில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. பிட்டுப் பார்க்கும்போது தெரியும் இரண்டு பச்சைகளுக்கும் காரணம் இது: வெளியே இருப்பது பொரிந்த இலை, உள்ளே இருப்பது அவிந்த இலை.

சலசலப்பு அடங்குகிற நேரத்தைக் காது பிடிக்க வேண்டும். முழுக்க அடங்கும்வரை விட்டால் ஈரம் போய்விட்டது என்று பொருள். பிறகு அங்கே மிஞ்சுவது முறுக்குதான், வடை இல்லை. கொஞ்சம் சலசலப்பு மிச்சம் இருக்கும்போதே எடுப்பது கைப்பக்குவம்.

எடுத்த பிறகு நடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வடை எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் சட்டிக்குள் இருக்கும்போது இல்லை, வெளியே வந்து ஆறும்போதுதான். உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்க, அந்த இடத்தை நிரப்ப மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. அதனால் கண்கரண்டியில் எடுத்ததும் சட்டி விளிம்பில் சாய்த்து, சூடு இருக்கும்போதே எண்ணெயை வடியவிட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் அடியில் இருப்பவை மேலே இருப்பவற்றின் எண்ணெயையும் சேர்த்துக் குடிக்கும். சல்லடைத் தட்டில் நிற்கவைக்கும் கடைக்காரரைக் கண்டால் எனக்கு மரியாதை வருகிறது.

*

கற்பூரவல்லி வேறு குணம். தொட்டியில் ஒரு கிளை வைத்தால் போதும், இடம் கொடுத்த பக்கமெல்லாம் படரும். இலை தடிப்பு, மேலே மெல்லிய ரோமம், கசக்கினால் ஓம வாசனை. ஓமத்தில் இருக்கும் தைமால், கார்வக்ரால் என்ற மணப்பொருள்கள் இதிலும் உண்டு என்பதால் அந்த வாசனை.

இதை அரைக்கக் கூடாது. முழு இலையாகக் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போட வேண்டும். இலையின் சாறே ஒரு சிக்கல். கழுவிய ஈரமும் சேர்ந்தால் மாவு வழுக்கிக்கொண்டு போகும், எண்ணெய் தெறிக்கும். ஒவ்வொரு இலையையும் துணியில் ஒற்றி எடுத்து, கொஞ்சம் உலர்ந்த அரிசிமாவில் புரட்டிய பிறகு பஜ்ஜி மாவில் முக்கினால் மாவு பிடித்துக்கொள்ளும். கடித்தால் முதலில் மொறுமொறுப்பு, அடுத்து சூடான சாறு, பிறகு மூக்குவரை ஏறும் மணம். மழை நாளில் தொண்டைக்கு வரும் இதத்தை மருந்துக் கணக்கில் எழுத எனக்கு விருப்பமில்லை. வாசனையும் சூடும் சேர்ந்து தரும் நிம்மதி, அவ்வளவே. அதுவும் உணவின் வேலைதான்.

வெற்றிலை பஜ்ஜியும் உண்டு. எனக்கு அதன் காரம் எண்ணெயில் மங்கிவிடுவதாகத் தோன்றும். வெற்றிலை பச்சையாக மெல்லவே பிறந்தது.

*

கீரை வடையில் சத்து இருக்கிறதா?

இந்தக் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்ல நமக்கு வழி செய்தது ஒரு மலை ஊர். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஆனது. அங்கே இயக்குநராக இருந்த அய்க்ராய்டு 1937-ல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைச் சிறு நூலாக வெளியிட்டார். ஆய்வுக்கூடம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதை நடத்திய காலத்தில் அட்டவணை விரிந்தது. 2017-ல் 528 உணவுப் பொருள்களோடு புதிய அட்டவணை வந்தது.

அகத்திக்கீரையில் 100 கிராமுக்குக் கால்சியம் 1130 மில்லிகிராம் என்று பழைய அட்டவணை சொல்கிறது. கறிவேப்பிலைக்கு 830. முருங்கைக்கீரைக்குப் பழையதில் 440, புதியதில் 314. எது சரி என்று கேட்பதைவிட, இலை என்பது மாத்திரை இல்லை என்று புரிந்துகொள்வது நல்லது. மண், மழை, இலையின் வயது, பறித்து எத்தனை மணி நேரம் ஆனது, எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன.

புதிய அட்டவணைப்படி 100 கிராம் முருங்கைக்கீரையில் புரதம் 6.4 கிராம், இரும்பு 4.6 மில்லிகிராம், வைட்டமின் சி 108 மில்லிகிராம். இதை முருங்கைக்கீரை வடைக்குக் கொண்டுவருவோம். கை நிறைய உருவிப் போட்டாலும் ஒரு வடைக்குள் 10 கிராம் கீரை போனால் பெரிது. இரண்டு வடை என்றால் 20 கிராம். கால்சியம் 63 மில்லிகிராம் வரை, இரும்பு ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் இரும்பு 29 மில்லிகிராம்.

இந்த எண்களைப் பார்த்து மனம் சுருங்க வேண்டியதில்லை. ஆனால் ‘சத்து வடை’ என்று பலகை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கலாம். தினமும் காய்கறியும் கீரையுமாக 400 கிராம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டல். சமையல் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்கிறது. வடை முதல் கணக்கில் கொஞ்சமும் இரண்டாவது கணக்கில் நிறையவும் சேர்க்கும். மசியலும் பொரியலும் கூட்டும் செய்யும் வேலையை வடையின் தலையில் ஏற்றக் கூடாது.

*

ஆனால் எண்ணெயை வெறும் குற்றவாளியாக நிறுத்தவும் எனக்கு மனமில்லை.

கீரையின் பச்சைக்குள் மறைந்திருக்கும் மஞ்சள், பீட்டா கரோட்டின். உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கொஞ்சமும் கொழுப்பில்லாத சாப்பாட்டோடு கீரை உள்ளே போனால் அந்தச் சத்தில் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியே போய்விடும். ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் இருந்தால் அதற்குப் போதும்.

இந்தச் செய்தியின் கனம் மதுரைக்குத் தெரியும். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண், முற்றினால் கருவிழியே கரைந்து குழந்தை நிரந்தரமாகப் பார்வை இழக்கும். 1970-களில் அப்படி வந்த குழந்தைகளுக்காக மதுரையில் ஓர் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் நடந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையைப் பிறகு தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி அதில் முன்னின்றார். அந்த அனுபவம் 1976-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. குழந்தைகளுக்கு அதிக அளவு வைட்டமின் ஏ கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-ல் தொடங்கியது. கோபாலன் கடைசிவரை மருந்தைவிட உணவின் பக்கம் நின்றார். வேலியில் கீரை தழைத்துக்கிடக்கும் ஊரில் ஒரு குழந்தை கீரைச்சத்து இல்லாமல் கண்ணை இழப்பது எவ்வளவு பெரிய துயரம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

குழந்தை கீரையைத் துப்பும், வடையைத் துப்பாது. வடையின் உண்மையான பெருமை அதில்தான் இருக்கிறது. மில்லிகிராம் கணக்கில் சிறியது, ஆனால் நாக்குக்கும் இலைக்கும் முதல் பழக்கத்தை அது உண்டாக்குகிறது. கீரை வடை தின்று வளர்ந்த பிள்ளை பின்னால் மசியலுக்கும் கை நீட்டும்.

*

இரும்பைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்.

கீரையில் இருக்கும் இரும்பு எளிதில் உடம்பில் சேராது. வைட்டமின் சி கூட இருந்தால் சேரும். தேநீரில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் அதைத் தடுக்கும். நாமோ வடையையும் டீயையும் பிரிக்க முடியாத ஜோடியாக்கி வைத்திருக்கிறோம். டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டு, வடையோடு ஒரு மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்த வெங்காயத்தையோ ஒரு நெல்லிக்காயையோ கடித்துக்கொண்டால் அந்தச் சிறிய இரும்புக்கு ஒரு வழி கிடைக்கும். டீக்கடை பெஞ்சில் இதைச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டில் சொல்லலாம்.

*

ஆப்பசோடா வேண்டாம். ஒரு சிட்டிகை போட்டால் பச்சை பளிச்சென்று நிற்கும், வடையும் பொசுபொசு என்று வரும் என்பது உண்மைதான். ஆனால் சோடாவின் காரத்தன்மை வைட்டமின் சி-யையும் பி1 என்ற தயமினையும் அழிக்கிறது. எண்ணெயும் கூடுதலாக ஏறும். நிறத்துக்காகச் சத்தைக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. கீரை கறுத்தால் கறுக்கட்டும்.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம். கறுத்து, கெட்டியாகி, நுரை அடங்காமல் மேலே நின்றால் அது வேலை முடிந்த எண்ணெய். சிதைந்த கொழுப்புப் பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நாட்டில் நடப்பில் இருக்கிறது. கீரைப் பலகாரம் எண்ணெயைச் சீக்கிரமே கெடுக்கும். காரணம் இலையின் ஈரமும், உதிர்ந்து அடியில் கருகும் இலைத்துணுக்குகளும். அவற்றை நடுநடுவே அரித்து எடுத்துவிட வேண்டும். பெரியம்மா சின்னச் சட்டிதான் வைப்பார், கொஞ்சம்தான் ஊற்றுவார். மிஞ்சியதை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுவார்.

*

இலையைப் பொரிப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. வங்காளத்தில் சணல் இலையில் வடை போடுகிறார்கள். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் சேம்பிலையில் மாவு தடவி, அடுக்கிச் சுருட்டி, ஆவியில் வேகவைத்து, வில்லைகளாக வெட்டிப் பொரிக்கிறார்கள். சேம்பிலையில் ஆக்சலேட் ஊசிகள் இருப்பதால் நாக்கும் தொண்டையும் அரிக்கும், அதற்காகப் புளி தாராளமாகச் சேர்க்கிறார்கள். முதலில் அவித்துப் பிறகு பொரிப்பதால் எண்ணெயில் அதிக நேரம் கிடக்கத் தேவையில்லை. அந்த முறையை முளைக்கீரையில் செய்து பார்த்தேன். கடலைப்பருப்பை ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, அதன் அளவுக்கே பொடியாக நறுக்கிய கீரையைக் கலந்து, உருட்டி ஆவியில் வைத்து, ஆறியபின் தட்டையாக அழுத்திக் கொஞ்சம் எண்ணெயில் இருபுறமும் சிவக்கவிட்டேன். கடை வடையின் மொறுமொறுப்பு இல்லை. ஆனால் வாய் நிறையக் கீரை இருந்தது. மாவில் பச்சைப் புள்ளி வைத்ததற்கெல்லாம் கீரை வடை என்று பெயர் சொல்லும் காலத்தில், மாவுக்குச் சமமாகக் கீரை போட்ட வடை எனக்கு மனநிறைவு தருகிறது.

தை, மாசியில் முள்முருங்கை இலை உதிர்த்துவிட்டு வெறுங்கிளையில் செக்கச்செவேலென்று பூக்கும். அப்போது வண்டியில் வடையின் பச்சை வெளிறியிருந்தால், இலை கிடைக்காமல் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். அந்த மாதங்களில் நான் முருங்கைக்கீரைக்கு மாறிக்கொள்கிறேன். அதை அரைப்பதில்லை, ஈர்க்கு இல்லாமல் உருவி, வெங்காயத்தோடு பருப்பு மாவில் கடைசியாகப் பிசறுகிறேன், அப்போதே தட்டிப் போட்டுவிடுகிறேன்.